குருதி கூறும் சான்று

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். உணவிலிருந்து கிட்டும் சர்க்கரையை அது கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சேமிக்கிறது. தேவை நேரும்போது மீண்டும் சர்க்கரையாக்கிக் குருதியில் விடுகிறது. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்து உணர்த்தியவர் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் ஆவார். விளைந்த நெல்லைக் காத்து வேண்டும்போது வழங்கும் களஞ்சியம் போன்றது கல்லீரல். அக்களஞ்சியத்திற்கு ஆணையிடும் தலைவன், கணையத்தில் சுரக்கும் இன்சுலின்.

இக்களஞ்சியத்தினுள் ஓசையின்றிப் புகும் கள்வனும் உண்டு. 1970களில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்டர், குருதியேற்றம் பெற்றோர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாவதைக் கண்டார். ஏ, பி என்னும் வைரசுகள் அதற்குக் காரணமல்ல என்பதும் தெளிவாயிற்று. மறைந்திருந்த அவ்வைரசை 1989இல் மைக்கேல் ஹௌட்டனும் அவர்தம் குழுவினரும் இனங்கண்டனர். அதுவே 'சி' வைரசு. ஆல்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

'சி' வைரசு பல ஆண்டுகள் வலியோ நோவோ காட்டாது உடலில் தங்கக்கூடும். இதனை நெடுங்காலம் தாங்கியோரிடம் நீரிழிவு மிகுதியாகக் காணப்படுகிறது. காரணம் யாது? வைரசின் புரதமும், அழற்சியால் தோன்றும் பொருள்களும் இன்சுலினின் ஆணை உயிரணுக்களில் நிறைவேறாதவாறு தடுக்கின்றன. கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து, நாளடைவில் சோர்வுறுகிறது. குருதியில் சர்க்கரை பெருகுகிறது.

உடலுக்குள் நிகழும் இவற்றைக் குருதியே எடுத்துரைக்கிறது. கல்லீரல் உயிரணுக்கள் சிதையும்போது ஏ.எல்.டி. என்னும் நொதி குருதியில் கசிகிறது. எதிர்ப்பொருள் இருப்பின், வைரசு என்றேனும் உடலிற் புகுந்ததென அறியலாம், வைரசின் ஆர்.என்.ஏ. இருப்பின், அது இன்றும் உள்ளதெனத் தெளியலாம். சர்க்கரை ஒட்டிய ஈமோகுளோபின் கடந்த இரண்டு மூன்று திங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும். அதன் அளவு நூற்றுக்கு 6.5 அல்லது அதற்கு மேல் இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர்.

ஆயினும் ஒரு சான்றையே நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாது. கல்லீரல் சுருங்கிக் கெட்டவரிடம் சிவப்பணுக்கள் விரைவில் அழிவதுண்டு. அவை நெடுநாள் வாழாமையால் சர்க்கரை ஒட்டும் அளவும் குறைந்து, நோய் இல்லாததுபோல் தோன்றும். ஆதலின் மருத்துவர், உண்ணா நிலையிலுள்ள சர்க்கரையளவு முதலிய பிற சான்றுகளையும் ஒப்பிட்டே முடிவு செய்வர்.

இவ்வாய்வால் விளையும் பயன் பெரிது. சர்க்கரைக்கு மட்டும் மருந்துண்டு, கல்லீரலை அரிக்கும் பகையை அறியாது வாழ்வோர் உளர். இக்காலத்து மாத்திரைகள் 8 முதல் 12 வாரங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கு மேற்பட்டோரிடமிருந்து 'சி' வைரசை அறவே நீக்குகின்றன. வைரசு நீங்கியபின் பலருக்குச் சர்க்கரையும் தணியக் காண்கின்றனர். எனினும், 'சி' வைரசைத் தடுக்கும் தடுப்பூசி இன்னும் இல்லை. நோய் பேசாதிருப்பினும் குருதி பேசும். அதன் சொல்லைக் காலத்தே கேட்போர் நலம் பெறுவர்.