ஒரே சார்ட்டில் மூன்று மொழி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய தொடக்கப்பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு ஏற்றது இந்தக் குழு ஓவியம். இரண்டு நாள், நாளுக்கு ஒரு பீரியட் போதும். தமிழில்தான் பேச வேண்டும் என்ற கட்டளையை மட்டும் அதுவரை ஒத்திவையுங்கள்.

நான்கு சார்ட்டுகளைப் பின்பக்கம் டேப் போட்டு இணைத்துத் தரையில் விரியுங்கள். குழுவுக்கு ஆறேழு பேர். ஒரு மொழிக்கு இரண்டு பேராவது இருக்கட்டும். தனியாக மாட்டிய பிள்ளை வாயே திறக்காது. கிரேயான் ஒரே டப்பாதான். கேட்டு வாங்கும்போதுதான் பேச்சே கிளம்பும்.

'சொந்த ஊர்' என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். சிலர் இங்கேயே பிறந்தவர்கள், சிலருக்கு ஊர்ப் பேச்சை எடுத்தாலே அழுகை வரும். 'வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி' போதும். லைன் வீடு, தெருக்குழாய், மளிகைக் கடை எல்லாம் தானாக வந்துவிடும். நன்றாக வரைகிறவன் தாளை வளைத்துக்கொள்வான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஓர் இடம் தள்ளி உட்கார வையுங்கள். முன்னவர் விட்டதை அடுத்தவர் தொடரட்டும். "இது யானையா?" என்றெல்லாம் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுங்கள்.

அடுத்தது பெயர்ச்சீட்டு. குழாய்ப் படத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளை 'தண்ணி' என்பாள், ஒடியாக்காரன் 'பாணி' என்பான், இந்திக்காரன் 'பானி' என்பான். மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ண, ன வேறுபாட்டை இதைவிடச் சுலபமாக எந்தப் பாடமும் காட்டாது. அவரவர் எழுத்திலும் எழுத, மேல்வகுப்பில் படிக்கும் அண்ணனையோ அக்காவையோ கூப்பிடுங்கள். அழைக்க வரும் அம்மாவும் எழுதித் தரலாம். வரைந்த இடத்தில் பிள்ளை தன் பெயரையும் எழுதட்டும். க, ச, ட, த, ப வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தைப் பார்த்து வாசித்தால் உச்சரிப்பு மாறிவிடும். அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுப் பழகுங்கள்.

மறுநாள் குழுவே படத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் தமிழில் சொல்லட்டும். "நாய் தொரத்துச்சு, நாங்க ஓடுனோம்" என்றால் அப்படியே எழுதுங்கள். தன் வாயில் வந்ததைப் பிள்ளை தயங்காமல் வாசிக்கும். திருத்தம் பிறகு. வாக்கியத்தைச் சொல் சொல்லாக நறுக்கிக் கலைத்துக் கொடுத்தால் அதுவே வாசிப்புப் பயிற்சி.

மதிப்பெண் வேண்டாம். பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், நடுவில் சேரும் பிள்ளை தன் வீட்டை எங்கே வரைவது?