உப்பு யாருடைய பட்டியலில்? ஆட்சிச் சொற்கள் சில அறிவோம்



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் கூட்டாட்சி, பொதுப் பட்டியல், நீதிப்புனராய்வு போன்ற சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். அமெரிக்கச் செய்திகளில் செனட், கவர்னர், வீட்டோ என்று கேட்டு அவற்றையும் இவற்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோர் ஒரு மனுவை எழுதி, அதை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று தெரியாமல் அலைகிறார்கள். இரண்டும் ஒரே பாடம்தான். ஆகவே இந்த இதழில் மரக்காணம் உப்பை வைத்தே அந்தச் சொற்களைப் படிப்போம்.

1. கூட்டாட்சி

ஒரு நாட்டின் அதிகாரத்தை நடுவண் அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் எழுதி வைத்துப் பிரித்துக் கொடுப்பது கூட்டாட்சி. அமெரிக்கா 1787இல் எழுதிய அரசமைப்பில் இதைச் செய்தது. நம் அரசமைப்பு 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்.

உப்பு எதில் இருக்கிறது? ஒன்றியப் பட்டியலின் 58வது பதிவில். உப்பு உற்பத்தி, வழங்கல், விநியோகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது ஒன்றியத்தின் அதிகாரம். இதற்கென உள்ள உப்பு ஆணையர் அமைப்பின் தலைமையிடம் ராஜஸ்தானின் ஜெய்ப்பூர். கடலே இல்லாத ஊரிலிருந்து நம் கடற்கரை உப்பு கவனிக்கப்படுவது இதனால்தான். மரக்காணம் உப்பளங்களில் மத்திய அரசுக்குச் சொந்தமான நிலம் இருப்பதும், அது குத்தகைக்கு விடப்படுவதும் நாம் அறிந்ததே.

உப்பை மட்டும் ஏன் நடுவண் அரசு கையில் வைத்துக்கொண்டது? சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அன்று முதல் உப்பு என்றால் அரசுக்கு வருமானம். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் எதிர்த்தது அந்த வரியைத்தான். கடைசியில் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் 1947 பிப்ரவரி 28இல் அளித்த வரவு செலவுத் திட்டத்தில் உப்பு வரி நீக்கப்பட்டது. வரி போனது, ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசிடமே தங்கியது.

2. பொதுப் பட்டியல்

நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொருள்கள் இதில் உள்ளன. இரண்டு சட்டங்களும் மோதினால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் செல்லும் (254வது பிரிவு).

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. ஆகவே ஒரே பாத்தியில் இரண்டு அரசுகள் நிற்கின்றன. உப்புக்கு ஒன்றியம், அதை வாரும் தொழிலாளியின் கூலிக்கும் நலனுக்கும் பெரும்பாலும் மாநிலத் தொழிலாளர் துறை. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்குவது தமிழக அரசின் திட்டம். அதை ஜெய்ப்பூரில் கேட்டுப் பயனில்லை.

அறநிலையங்களும் சமய நிறுவனங்களும்கூடப் பொதுப் பட்டியலில்தான் (28வது பதிவு) வருகின்றன. அதனால்தான் வக்ஃபுச் சட்டத்தை 1995இல் நாடாளுமன்றம் இயற்றியது. வக்ஃபு வாரியமோ மாநிலத்தில் இயங்குகிறது.

மீன்பிடிப்பிலும் இந்தப் பங்கீடு உண்டு. மீன்வளம் மாநிலப் பட்டியலில் (21) உள்ளது. 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் (57) உள்ளது. ஒரே படகு காலையில் ஓர் அரசின் கடலிலும் மதியம் இன்னோர் அரசின் கடலிலும் இருக்கலாம்.

3. எஞ்சிய அதிகாரம்

எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத பொருள் யாருக்கு? இங்கேதான் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் 1791இல் வந்த பத்தாவது திருத்தப்படி, நடுவண் அரசுக்குக் கொடுக்கப்படாதது மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது. இந்தியாவில் 248வது பிரிவின்படி அது நாடாளுமன்றத்துக்கு உரியது. தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது.

4. ஆளுநர், செனட், மாநிலங்களவை

அமெரிக்காவில் கவர்னரை மாநில மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்தான் அங்கே மாநில ஆட்சியின் தலைவர். நம் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; ஆட்சியை நடத்துவது முதலமைச்சரும் அமைச்சரவையும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதவி வேறு.

செனட்டில் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 2 இடம். நம் மாநிலங்களவையில் மக்கள்தொகையைப் பொறுத்து இடம், தமிழகத்துக்கு 18.

5. நீதிப்புனராய்வு

சட்டம் அரசமைப்புக்கு முரணானால் அதைச் செல்லாது என்று அறிவிக்கும் நீதிமன்ற அதிகாரம் இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803இல் மார்பரி வழக்கில் இதை நிலைநாட்டியது. பட்டியல்களின் எல்லைத் தகராறையும் நீதிமன்றமே தீர்க்கிறது.

நம் பகுதிக்கு வலிக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பல உயிர்களைப் பறித்தது. மதுவும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனால் விஷப்பொருள்கள் பொதுப் பட்டியலில் உள்ளன. தொழிற்சாலைச் சாராயம் யாருடைய கட்டுப்பாட்டில் என்ற நெடுநாள் வழக்கில், 2024 அக்டோபர் 23 அன்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு என்றனர் 8 பேர்; ஒருவர் மாறுபட்டார். பட்டியல் என்பது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல. யார் பொறுப்பு என்று கேட்கும்போது அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

6. தொகுதி

மரக்காணம் திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியிலும் விழுப்புரம் மக்களவைத் தொகுதியிலும் அடங்கும். இரண்டும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். தனித்தொகுதி என்றால் வேட்பாளர் மட்டுமே அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்களிப்பது எல்லா மக்களும்தான். "நமக்கு அங்கே ஓட்டு இல்லை" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எந்த மனு எங்கே?

• மத்திய அரசு உப்பள நிலத்தின் குத்தகை: உப்புத் துறை அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர். முதலில் குத்தகைப் பத்திரத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.
• கூலி, நலவாரியப் பதிவு: மாநிலத் தொழிலாளர் துறை.
• மழைக்கால நிவாரணம்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், சட்டமன்ற உறுப்பினர்.
• தெருவிளக்கு, குடிநீர், குப்பை: மரக்காணத்தில் பேரூராட்சி, சுற்றுக் கிராமங்களில் ஊராட்சி.

எது யாருடையது என்று தெரியாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். தவறான அலுவலகத்துக்குப் போன தகவல் மனுவை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அதன் 6(3) பிரிவு. சாதாரண மனுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே எந்த மனு கொடுத்தாலும் நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். உப்பளத்தில் வேலை நாட்கள் குறைவு. தவறான வாசலில் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி.

பயிற்சி

1. உப்பு எந்தப் பட்டியலில், எத்தனையாவது பதிவு?
2. எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் யாருக்கு? அமெரிக்காவில் யாருக்கு?
3. தொழிலாளர் நலனில் இரு அரசுகளின் சட்டங்கள் மோதினால் எது நிற்கும்? விதிவிலக்கு என்ன?
4. உங்கள் வீட்டில் இப்போதுள்ள ஒரு குறையை எழுதி, அது எந்த அரசின் பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள்.

நான்காவது கேள்விக்கான விடையைப் பிள்ளைகள் பெற்றோருடன் உட்கார்ந்து எழுதட்டும். படித்த சொல் வீட்டுக்கு உதவினால்தான் அது கல்வி. வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் அறிவைப் பெருக்கி, அதைப் பிறருக்குப் பயன்படச் செய்வானாக.