விரல் தொடுமுன் கணக்குப் பார்ப்போம்
கைத்தொலைபேசியில் வரும் கடன் பற்றி ஒரு குடும்பப் பாடம்



லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றிய சிறிய உவமை ஒன்று உண்டு. கோபுரம் கட்ட ஆசைப்பட்டது அவன் பிழையன்று. கணக்குப் பார்க்காமல் அத்திவாரம் போட்டதே பிழை. அதன் முடிவு என்ன? பணம் போனதோடு ஊராரின் ஏளனமும் வந்து சேர்ந்தது.

கடனும் அப்படித்தான். பிள்ளையின் படிப்புக்கும், கூரை ஓட்டுக்கும், வலைக்கும் தோணிக்கும் கடன் வாங்குவது குற்றமன்று. ஆனால் இன்று வங்கிக்குப் போகாமல், பிணையாளரைத் தேடாமல், வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் கிடைக்கிறது. ஆகவே கணக்குப் பார்க்கும் நேரமும் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இதைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

1. நாம் ஏற்கெனவே படித்த பாடம்

2009இல் போர் முடிந்தபின் நிதிக் கம்பனிகள் பல நமது மாவட்டத்துக்கு வந்தன. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் கொடுத்தன. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. பணம் கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும்.

நமது வருமானமோ கிழமைக் கணக்கில் வருவதில்லை. வேளாண்மைக்காரனுக்குப் போகம் வெட்டினால்தான் காசு. வாவியில் வலை வீசுபவனுக்கு மழையும் காற்றும் முகத்துவாரம் திறக்கும் காலமும் பார்த்துத்தான் மீனும் இறாலும். வருமானம் ஒரு தாளம், தவணை வேறொரு தாளம். இடைவெளியை நிரப்ப இரண்டாவது கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று போயிற்று. கணவனுக்குத் தெரியாமல் வாங்கிய கடன், தவணை நாளில் கதவைப் பூட்டிவிட்டு வளவின் பின்புறம் ஒளித்திருக்கச் செய்தது. சில வீடுகளில் அது உயிரையே குடித்தது.

2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம் வரை சென்றதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், மட்டக்களப்பு உட்பட வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் கட்டமுடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. தன் மேற்பார்வையிலுள்ள கம்பனிகளின் நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்ச வட்டியை மத்திய வங்கியும் விதித்தது.

2. ஈடு இல்லாத கடனா?

அன்று படலையைத் திறந்து வந்த கடன் இன்று கைத்தொலைபேசியைத் திறந்து வருகிறது. "பிணை வேண்டாம், ஈடு வேண்டாம்" என்பது அதன் விளம்பரம்.

உண்மையில் ஈடு உண்டு. கடன் தரும் சில செயலிகள், தொலைபேசியில் நாம் சேமித்து வைத்திருக்கும் பெயர்களையும் இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கின்றன. அவசரத்தில் நாம் "சம்மதம்" என்பதைத் தொட்டுவிடுகிறோம். தவணை ஒருநாள் தப்பினால், மைத்துனருக்கும் பாடசாலை அதிபருக்கும் வேலைத்தலத்து முதலாளிக்கும் அழைப்புப் போகிறது. அச்செயலிக்காரரிடம் நாம் ஈடு வைத்தது நமது மானத்தை. "வெளியே தெரிந்துவிடுமே" என்ற பயந்தான் அவர்களுடைய பலம்.

3. கணக்கு

ஒரு குடும்பம் 20,000 ரூபா கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் என்று 4,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 16,000 ரூபாவைக் கணக்கில் போடுகிறார்கள். முப்பது நாளில் 20,000 கட்டவேண்டும். "வட்டியே இல்லை" என்றும் சொல்வார்கள். ஆனால் கைக்கு வந்த 16,000 ரூபாவுக்கு ஒரு மாதத்தில் 4,000 ரூபா என்றால், அது மாதத்துக்கு 25 வீதம், ஆண்டுக்கு 300 வீதம்.

முப்பதாம் நாள் காசு இல்லை. "4,000 மட்டும் கட்டுங்கள், இன்னொரு மாதம் தவணை தருகிறோம்" என்கிறார்கள். இப்படி ஐந்து மாதம் கட்டினால் 20,000 ரூபா போய்விட்டது. ஆனால் கடன் 20,000 அப்படியே நிற்கிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 50,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீத வட்டியில் 12 மாதத் தவணைக்குத் தருகிறார்கள். வட்டி 12,000. மாதத் தவணை ஏறக்குறைய 5,167 ரூபா. மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? ஆனால் வட்டியோ கடைசி மாதம்வரை முழு 50,000 ரூபாவுக்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே "வட்டி எத்தனை வீதம்?" என்று மட்டும் கேட்பது போதாது. "கைக்கு எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும்? எத்தனை நாளில்?" என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

4. விண்ணப்பிக்குமுன் செய்யவேண்டியவை

(அ) கடன் தருபவர் யார் என்று அறியுங்கள். செயலியின் பெயர் வேறு, அதை நடத்தும் கம்பனியின் பெயர் வேறு. கம்பனியின் பெயர், விலாசம், நிலையான தொலைபேசி இலக்கம் இல்லாத இடத்தில் விண்ணப்பிக்க வேண்டாம். அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள், நுண்நிதிக் கம்பனிகள் ஆகியவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதில் பெயரைத் தேடுங்கள். கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டிருப்பது ஒன்று, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்றிருப்பது இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் மக்களிடம் வைப்புப் பணம் பெறும் கம்பனிகளையே கட்டுப்படுத்த வந்தது. தன் சொந்தப் பணத்தைக் கடன் கொடுத்தவர் அதற்கு வெளியே நின்றார்.

(ஆ) வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ வந்த இணைப்பைத் தொட்டு விண்ணப்பிக்க வேண்டாம். வங்கியின் இணைய முகவரியை நீங்களே எழுத்துக்கூட்டித் தட்டுங்கள். சந்தேகமானால் கிளைக்கு நேரே போங்கள்.

(இ) கடன் தருமுன் பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். "காப்புறுதிக்கு 3,000 போடுங்கள், நாளைக்கு இரண்டு இலட்சம் வரும்" என்பவர் கடன்காரர் அல்லர், கள்வர்.

(ஈ) தொலைபேசிக்கு வரும் ஓ.டீ.பீ. இலக்கம், வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் என்பவை வீட்டுத் திறப்புப் போன்றவை. வங்கியில் இருந்து பேசுவதாகச் சொன்னாலும் கொடுக்க வேண்டாம்.

(உ) தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலையும் படங்களையும் கேட்கும் செயலியை அக்கணமே விட்டுவிடுங்கள்.

(ஊ) அடையாள அட்டையில் கவனமாயிருங்கள். கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பினால், அங்குள்ள கணினியில் உங்கள் அட்டைப் படத்தை விட்டுவிட்டு வர வேண்டாம். பிரதி கொடுக்கும்போது எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்பதை அதன் குறுக்கே எழுதுங்கள். அயலவருக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். கட்டவேண்டியவர் நீங்களே.

(எ) உடன்படிக்கையைத் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் இடாதது போல, விளங்காத திரையிலும் விரல் வைக்க வேண்டாம். கட்டிய பணம் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

(ஏ) எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்லுங்கள். கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும் மறைத்து எடுக்கும் கடனை எடுக்கவே வேண்டாம். கடனை வீட்டுக்கு மறைத்தவரைத்தான் கடன்காரர் எளிதாக மிரட்டுகிறார்.

5. ஏற்கெனவே அகப்பட்டிருந்தால்

முதலில் வீட்டார் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அதோடு மிரட்டலின் பாதிப் பலம் போய்விடும். வந்த செய்திகள், அழைத்த இலக்கங்கள், கட்டிய பணத்தின் விபரம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். அதன் பின்னரே தொலைபேசி அமைப்பிற்குள் சென்று செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை நிறுத்துங்கள். செயலியை அழித்தால் கடன் அழியாது, சாட்சிதான் அழியும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு செயலியில் கடன் எடுக்க வேண்டாம்.

வங்கி, நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாடுகளை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம். படத்தைப் பரப்புவதாகவோ ஆளை அனுப்புவதாகவோ மிரட்டினால் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் எடுத்திருக்கிறார்களோ என்ற ஐயம் இருந்தால், 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்திடம் (கிறிப் என்று நாம் சொல்வது) உங்கள் அறிக்கையைப் பெற்றுப் பார்க்கலாம்.

6. வேறு கதவுகள்

ஏழையின் அவசரத்தை வைத்து வட்டி தின்பது புதிய வழக்கமன்று. அதற்கு எதிராகவே 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் கடன் தரும் அடகு நிலையத்தை ஏற்படுத்தினர். நமது நாட்டிலும் 1906 முதல் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இருந்துவந்தன. 1978இல் அவை சணச என்ற பெயரில் புத்துயிர் பெற்றன. உறுப்பினரே சேமித்து, உறுப்பினருக்கே கடன் கொடுப்பது அவற்றின் வழி.

ஆகவே தொலைபேசியைத் திறக்குமுன் ஊரிலுள்ள கதவுகளைத் தட்டிப் பாருங்கள். கூட்டுறவுக் கிராமிய வங்கி, சமுர்த்தி வங்கி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்பவற்றை விசாரியுங்கள். நகை இருந்தால் வங்கி அடகின் வட்டியையும் செயலியின் வட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் வீணன்று. உண்மையில் இந்தக் கடன் வேண்டுமா என்று யோசிக்க நமக்குக் கிடைக்கும் நேரம் அது.

குடும்பமாக இருந்து கலந்துபேச

1. நமது வீட்டில் இப்போது எத்தனை கடன் உண்டு? வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் அவை தெரியுமா?

2. நமக்கு எந்தெந்த மாதத்தில் பணம் வருகிறது? எந்தெந்த நாளில் தவணை கட்டவேண்டும்? இரண்டையும் ஒரு கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள்.

3. நமது தொலைபேசிகளில் கடன் தரும் செயலி ஏதும் உண்டா? அதற்கு எவற்றைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறோம்? பிள்ளைகளின் உதவியோடு இன்றே பாருங்கள்.

4. நம் அயலில் கடனால் வெளியே தலைகாட்டாமல் இருக்கும் வீடு ஏதும் உண்டா? அவர்களைக் குறை சொல்லாமல், அவர்களோடு இருந்து கணக்குப் பார்க்க நம்மில் யார் போவது?