பெயர் மாறிய கோப்பும் அம்மம்மாவின் இரண்டு பெயர்களும்

பெரியம்மா கண்மூடிப் பதினெட்டு நாள். ரொறன்ரோவிலிருந்து தம்பி அழைத்தான். "அக்கா, கல்வெட்டு அச்சுக்குக் குடுக்கவேணும். வம்சாவளியை இண்டைக்கே அனுப்புங்கோ."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவுமலர் அச்சடித்துக் கொடுப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு, யார் யாருக்குப் பிள்ளை என்று காட்டும் வம்சாவளியும் அதில் இருக்கும். அந்த வம்சாவளிதான் என்னிடம் கணினியில் இருந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது பேலியகொடையில் எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டு நனைந்தது. அம்மா எழுதி வைத்திருந்த கொப்பியில் பாதி மை கரைந்துபோனது. மிஞ்சியதையும், பழைய கல்வெட்டுகளிலிருந்து எடுத்ததையும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து, ஆறு வருடமாகத் தட்டெழுதிய கோப்பு அது.

அனுப்புவதற்கு முன் விளங்கக்கூடிய பெயராக வைப்போம் என்று நினைத்தேன். பழைய பெயரை முழுவதும் தேர்ந்து அழித்துவிட்டு, திரையைப் பாராமல் 'குடும்பம்' என்று தட்டினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது; வாசிக்காமலே 'ஆம்' என்றேன். பிறகு கோப்பைக் காணவில்லை.

வம்சாவளி நிரலைத் திறந்தேன். அது பழைய பெயரைக் காட்டி, அப்படி ஒன்று இல்லை என்றது. 'குடும்பம்' என்று தேடினேன், ஒன்றுமில்லை. இன்று திருத்திய கோப்புகளைத் தேடினேன், அங்கும் இல்லை. சாமத்தில் மீன் சந்தைக்குப் போகும் லொறிகளின் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, ஆறு வருட உழைப்பும் போய்விட்டதென்றே நம்பி அழுதேன்.

அப்போதுதான் அம்மம்மாவின் நினைவு வந்தது. ஊரில் எல்லாரும் அவவை அழைத்தது ஒரு பெயர். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இருந்தது வேறு பெயர். பெயரைச் சொல்லித் தேடிய காலமெல்லாம் அவவின் பதிவு கிடைக்கவில்லை. ஆருடைய மகள், எந்த ஊர், எந்த வருடம் என்று தேடியபோதுதான் கிடைத்தது. கோப்பையும் அப்படியே தேடவேண்டும் என்று பட்டது.

முதலில் திகதி. பெயரை மாற்றினால் கோப்பின் 'திருத்திய திகதி' மாறாது. உள்ளே எழுதிச் சேமித்தால்தான் மாறும். 'இன்று' என்று தேடி ஏமாந்தது அதனால்தான். நான் கடைசியாக ஒரு பேரப்பிள்ளையின் பிறப்பைச் சேர்த்தது தைப்பொங்கலுக்கு மறுநாள். தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி மட்டும் இட்டு, வந்த பட்டியலைத் திகதி வரிசையில் அடுக்கினேன். அந்த நாளில், 300 கிலோபைட் அளவில், வெள்ளைத்தாள் போன்ற படத்துடன் ஒரு கோப்பு நின்றது. அதன் பெயரோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒன்று.

பாமினியில் தட்டிப் பழகிய விரல்களின் வேலை அது. பாமினி எழுத்துருவில் தமிழாகத் தெரிவதன் அடியில் ஆங்கில எழுத்துகளே இருக்கும். பெயரிடும் பெட்டிக்குப் பாமினி தெரியாது. யுனிகோட் தமிழில் தேடினாலும் அந்தப் பெயர் அகப்படாது. பெயரை முழுவதும் அழித்ததில் புள்ளிக்குப் பின்னிருந்த 'ஜெட்' என்ற வால் எழுத்துகளும் போய்விட்டன. நிரல் தன் வகைக் கோப்புகளை மட்டுமே காட்டும். வால் இல்லாதது அதன் கண்ணில் படாது.

அது என் கோப்புத்தானா என்று பார்க்க, ஒரு பிரதி எடுத்து நோட்பேட்டில் திறந்தேன். ஜெட்கொம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. 1984 முதல் வம்சாவளி நிரல்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம். முதல் வரியில் 0 என்ற இலக்கமும் 'ஹெட்' என்ற சொல்லும் இருக்கவேண்டும். கடைசி வரியில் 0 உடன் 'டிரெய்லர்' என்பதன் சுருக்கம். கடைசி வரி இருந்தால் கோப்பு பாதியில் அறுபடவில்லை. இரண்டும் இருந்தன. நடுவில் அம்மம்மாவின் பெயரும் இருந்தது. வாலைத் திரும்ப ஒட்டியதும் நிரல் திறந்தது.

அந்த இரவுக்குப் பிறகு நான் கடைப்பிடிப்பவையும் மற்றவர்களுக்குச் சொல்பவையும்:

• மூலக் கோப்பின் பெயரைத் தொடுவதில்லை. அனுப்பவேண்டுமானால் பிரதி எடுத்து, பிரதிக்கே பெயர் மாற்றுவேன். பெயரின் முன்னால் வருடம், மாதம், நாள் என்று இலக்கமாக இடுவேன்.

• தவறாக மாற்றிவிட்டால், வேறு எதையும் செய்யுமுன் கொன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். பழைய பெயர் திரும்பும். அது தப்பினால், நிரலின் திறக்கும் பெட்டியில் 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தேர்ந்து பாருங்கள்.

• தமிழ்ப் பெயர்களை யுனிகோடிலேயே தட்டுங்கள். யூடிஎப்-8 முறையில் சேமியுங்கள். பாமினியில் எழுதிய பெயர் பேரப்பிள்ளைகளின் கணினியில் குறிகளாகத்தான் தெரியும்.

• வம்சாவளியில் இணைத்த படங்களின் கோப்புப் பெயர்களை மாற்றாதீர்கள். ஜெட்கொம்முக்குள் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு. தாய், தகப்பன், பிள்ளை உறவுகள் அந்த எண்களால்தான் கோக்கப்பட்டிருக்கும். அதனால் ஆளின் பெயரைத் திருத்தினாலும் உறவு அறுபடாது. படங்களோ கோப்பின் பெயராலும் இருக்கும் இடத்தாலும் இணைக்கப்பட்டவை. பெயர் மாறினால் படம் விட்டுப்போகும்.

• பழைய கல்வெட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் இல்லாத தலைமுறை அங்கே இருக்கலாம்.

பெரியம்மாவின் கல்வெட்டு நாளுக்கு அச்சாகி வந்தது. வம்சாவளிப் பக்கத்தில் அம்மம்மாவுக்கு இரண்டு பெயர்களையும் போடச் சொன்னேன். வருடந்தோறும் பொங்கலுக்கு, புதிதாகப் பிறந்தவர்களைச் சேர்த்து, கோப்பின் ஒரு பிரதியைத் தம்பிக்கு அனுப்புகிறேன். தாளில் அச்சடித்த இன்னொன்று வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டு மூன்றாம் மாடியில் இருக்கிறது. களனி கங்கை அங்கே ஏறாது.