அமெரிக்காவில் நிதித்துறைப் படிப்பு: கல்லூரி மாறும் முன்...

சாதாரணக் கல்லூரியில் தொடங்கி, இடம் கிடைப்பதே அரிதான பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

● கால்குலஸ், புள்ளியியல், மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரம், அக்கவுன்டிங் ஆகியவற்றை முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடித்துவிடுங்கள்.

● கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள், எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் பார்க்கலாம். அம்மாநிலத்தின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைக்கழகங்களில் மூன்றாம் ஆண்டில் சேர, மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட்கள் தேவை.

● யூசி விண்ணப்பத்துக்கு அக்டோபர், நவம்பர்தான் காலம். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு மார்ச் வாக்கில் கெடு முடியும்.

● பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் அதன் பிசினஸ் ஸ்கூலில் இடம் உறுதியில்லை. அதற்குத் தனி விண்ணப்பம் உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

● விண்ணப்பக் கட்டுரையில் இப்போதைய கல்லூரியைக் குறை சொல்லாதீர்கள். புதிய இடத்தில் எந்தப் பாடத்துக்காகச் சேர விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.

● பெரிய முதலீட்டு வங்கிகள், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டாம் ஆண்டிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. மாறுதல் முடியட்டும் என்று காத்திருக்காமல் விண்ணப்பியுங்கள்.

● மாறி வருபவர்களுக்கு உதவித்தொகை குறைவாக இருக்கலாம். எஃப்-1 மாணவர் விசாக்காரர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கான 'செவிஸ்' பதிவையும் புதிய கல்லூரிக்கு மாற்ற வேண்டும்.

● அனுமதி வந்த பிறகும் மதிப்பெண் சரிந்தால் அது ரத்தாகலாம். கடைசி செமஸ்டரிலும் அசட்டை வேண்டாம்.