மேடில்லாத ஊரில் காற்றுதான் மேடு

ஆஸ்திரேலியாவின் தெற்கு விளிம்பில் கிடக்கிறது நல்லார்பர் சமவெளி. ஏறத்தாழ 2 லட்சம் சதுர கி.மீ. சுண்ணாம்புக்கல் பரப்பு. பெய்கிற மழையும் கல்லிடுக்கில் இறங்கிவிடுவதால் ஆறு என்று ஒன்று கிடையாது. இதையொட்டிப் போகும் ஏர் நெடுஞ்சாலையில் நெடும்பயணம் போகும் சைக்கிள்காரர்கள் அதிகம் பேசுவது, பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடைப்பட்ட 182 கி.மீ. பற்றித்தான். நடுவே கடை இல்லை, ஊர் இல்லை, அதில் 146.6 கி.மீ. வளைவே இல்லாத நேர்சாலை. அந்தத் தூரத்தைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: தரை சமமாக இருந்தால் மிதிப்பது சுலபம்.

மலையேறியவருக்கு இறக்கம் என்ற கூலியாவது கிடைக்கும். இங்கே பெடலை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். விடிந்ததிலிருந்து அதே தசை, அதே சீட், அதே ஹேண்டில்பார். போதாக்குறைக்குக் காற்று. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், உடம்பில் மோதுவது 40 கி.மீ. வேகக் காற்று. மோதும் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். நாளெல்லாம் அதைத் தாங்க யாராலும் முடியாது. வேகம் 12-க்கு இறங்கிவிட்டால் 182 கி.மீ.க்கு 15 மணி நேரம். குளிர்காலப் பகல் அவ்வளவு நீளமில்லை. ஆகவே, இரண்டு நாள் தண்ணீரைச் சுமந்து, வழியில் கூடாரம் போட்டுப் படுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நம்பிக்கை: மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும்.

பாதி உண்மை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம், மேற்குக்காற்று ஓங்கியிருக்கும். கோடையில் உயரழுத்த மண்டலம் தெற்கே நகர்ந்துவிட, கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். "கிழக்கே போ" என்று யோசனை சொல்பவரிடம் எந்த மாதத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: மரமே இல்லாத கொதிக்கும் பாலை.

நெடுஞ்சாலை பெரும்பாலும் புதர்க்காட்டுக்குள்தான் போகிறது. உண்மையில் மரமற்ற பகுதி, நல்லார்பர் ரோட்ஹவுஸ் என்ற சாலையோர விடுதியை ஒட்டிய சிறு தூரம்தான். ஆனால் யூகலிப்டஸ் இலைகள் செங்குத்தாகத் தொங்குவதால் நிழல் சல்லடையாகத்தான் விழும். வெயிலோ, 2019 டிசம்பரில் நல்லார்பரில் 49.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. குளிரும் இளைத்ததல்ல: மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 7.2 டிகிரி, 2008 ஆகஸ்டில் இந்த வட்டாரத்து ஏர் பறவை நோக்ககத்தில்தான் பதிவானது.

நம்பிக்கை: எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

எடுத்துச் செல்லத்தான் தாராளம் வேண்டும். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், மிஞ்சினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்டதைச் சாப்பிடுங்கள்.

நம்பிக்கை: விலையுயர்ந்த சைக்கிள் இல்லாமல் முடியாது.

1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் சிறு மூட்டையும் தண்ணீர்ப் பையுமாகத் தந்திக் கம்பிகள் போன வழியைப் பிடித்துக்கொண்டே, சைக்கிளில் இந்தச் சமவெளியைக் கடந்து, கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாளில் போய்ச் சேர்ந்தார்.

நம்பிக்கை: சாலை நேராக இருப்பதால் லாரிக்காரர் தூரத்திலேயே பார்த்துவிடுவார்.

பார்ப்பார். ஆனால் பல பெட்டிகளை இழுத்துவரும் ரோட் டிரெய்னைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, ஒடிக்கவும் முடியாது. எதிரே இன்னொன்று வந்து, இரண்டும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே சந்திக்கப் போகின்றன என்றால், விலக அவருக்கு இடமே கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். அப்படி நேரும்போது சரளைக் கல்லில் இறங்கி நில்லுங்கள். சாலையில் யாருக்கு முதலுரிமை என்ற வாதத்தை கைகூனாவில் காபி குடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.