கட்சிகளும் கூட்டரசாங்கமும்



2025ஆம் ஆண்டு ஜேர்மன் பொதுத்தேர்தல் முடிந்த வாரத்தில், எமது வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "சேர், முதலாவதாக வந்த கட்சி வென்றுவிட்டதுதானே? பிறகு ஏன் தோற்ற கட்சியோடு பேசுகிறது?" என வினவினார். தாயகத்தில் குடியியல் கற்பித்த காலத்தில் எம்மிடம் எவரும் கேட்டிராத வினா அது. அதற்கான விடையே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல் விளக்கம். கூட்டாட்சி வேறு, கூட்டரசாங்கம் வேறு. மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரம் பகிரப்படுவது கூட்டாட்சி. இதனைச் சமஷ்டி என்றும் கூறுவர். பல கட்சிகள் இணைந்து அரசாங்கம் அமைப்பது கூட்டரசாங்கம். ஜேர்மனியில் இவ்விரண்டும் உண்டு.

ஆசனங்கள் பகிரப்படும் முறை

ஜேர்மனியில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரு வாக்குகள் உண்டு. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. இரண்டாவது வாக்கு கட்சிக்கு. பாராளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது வாக்கே. பொதுவாக 5 வீதத்துக்குக் குறைவான வாக்குகளைப் பெறும் கட்சிக்கு ஆசனம் கிடைப்பதில்லை. 2025இல் ஒரு புதிய கட்சி 4.98 வீதம் பெற்றும் வெளியே நின்றது.

அத்தேர்தலில் மொத்த ஆசனங்கள் 630. பெரும்பான்மைக்குத் தேவையானவை 316. கிறிஸ்தவ சனநாயக ஒன்றியமும் பவேரியாவின் கிறிஸ்தவ சமூக ஒன்றியமும் சேர்ந்து 208 ஆசனங்களைப் பெற்றன. ஜேர்மனிக்கான மாற்றுக் கட்சி 152, சமூக சனநாயகக் கட்சி 120, பசுமைக் கட்சி 85, இடதுசாரிக் கட்சி 64, டேனிய சிறுபான்மையினரின் கட்சி 1. இரண்டாவதாக வந்த கட்சியுடன் கூட்டுச்சேர முதலாவது அணி மறுத்தது. எனவே சமூக சனநாயகக் கட்சியுடன் பேசி, 328 ஆசனங்களைக் கொண்ட கூட்டரசாங்கத்தை அமைத்தது.

இது புதுமையன்று. 1949 முதல் ஒரேயொரு முறை, 1957இல் மட்டுமே, ஓர் அணி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. அப்போதும் அது ஒரு சிறு கட்சியைச் சேர்த்துக்கொண்டது.

ஒப்பந்தமும் சோதனையும்

கூட்டுச்சேரும் கட்சிகள் வரி, ஓய்வூதியம், குடியேற்றம் முதலியவற்றைப் பற்றி வாரக்கணக்கில் பேசி, எழுத்தில் ஒப்பந்தம் செய்கின்றன. அமைச்சுகளையும் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் உறுப்பினர்கள் பொம்மைகள் அல்லர். 2025 மே 6ஆம் திகதி பிரிட்ரிக் மேர்ஸ் முதற்சுற்றில் 310 வாக்குகளே பெற்றார். இரண்டாம் சுற்றில் 325 பெற்றுச் சான்சலரானார்.

கூட்டு உடைவதும் உண்டு. 2024 நவம்பரில், வரவுசெலவுத் திட்டப் பிணக்கினால் மூன்று கட்சிக் கூட்டு முறிந்தது. எனினும் நாடு தலைமையற்று நிற்காதவாறு அரசியலமைப்பில் ஒரு காப்பு உண்டு. புதிய சான்சலரைத் தெரிவு செய்தே பழையவரைப் பாராளுமன்றம் நீக்கலாம். 1982இல் ஹெல்முட் சிமித்துக்குப் பதிலாக ஹெல்முட் கோல் வந்தது இவ்வாறே.

நாம் பெறும் படிப்பினை

இலங்கையில் 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. பேச வேண்டிய தேவை எவருடனும் இருக்கவில்லை. 1978இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1982இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் 6 ஆண்டுகள் நீட்டினர். கூட்டரசாங்கம் மெதுவாக நடக்கலாம், சச்சரவிடலாம். ஆயினும் மற்றவரின் சம்மதத்தைக் கேட்டே அது நடக்க வேண்டியுள்ளது. அந்தக் கட்டாயத்தின் பெறுமதியை இழந்தவர்களே நன்கறிவர்.

பெற்றோர்களே, "எமக்கேன் அரசியல்?" என்று சிலர் கூறுகின்றீர்கள். தேர்தல் காலத்தில் கதவைச் சாத்தியிருந்த நினைவு எமக்கும் உண்டு. ஆனால் குடியுரிமை பெற்றவர்களுக்கும், 18 வயதை எட்டப்போகும் எம் பிள்ளைகளுக்கும் இங்கே அச்சமின்றி இடக்கூடிய இரு வாக்குகள் உள்ளன. எக்கட்சிக்கு என்பது அவரவர் விருப்பம். அறிந்து வாக்களிப்பது கடமை.

பயிற்சி

1. கூட்டாட்சி, கூட்டரசாங்கம் வேறுபடுத்துக.
2. முதலாவது அணியும் பசுமைக் கட்சியும் மட்டும் சேர்ந்திருந்தால் பெரும்பான்மை கிடைத்திருக்குமா? கணக்கிடுக.
3. 5 வீத விதி நியாயமானதா? வீட்டில் பெற்றோருடன் தமிழில் உரையாடி எழுதுக.